திறப்பு யார் கையில் இருக்கிறது?

(தோட்டக் கமிட்டித் தலைவிகளுக்கும் மாதர் அணி உறுப்பினர்களுக்கும் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளத்தைப் பற்றித் தலைவர் பேசுவார். எங்களுக்குத் தந்திருக்கும் நேரத்தில், போனில் வந்த ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். "இது சங்கத்தில் பேசுகிற விஷயமா?" என்று முன்வரிசையில் ஓர் அக்கா சிரிக்கிறார். முடியும்வரை கேளுங்கள். சங்க விஷயமா இல்லையா என்று பிறகு நீங்களே சொல்லுங்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்நேரம், நம் தோட்டத்து அக்கா ஒருவர் எங்களைத் தேடி வந்தார். கொழுந்து நிறுத்துவிட்டு நேராக வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. போனை நீட்டினார்.

"டீச்சர், இதுல என்னமோ இங்கிலீசுல வந்திருக்கு. ரெண்டு நாளா தூக்கமில்ல. பேங்குல இருந்த காச யாரும் எடுத்துட்டாங்களான்னு பாருங்க."

அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. ஊழியர் சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்து, வங்கியில் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. சம்பளத்தில் மாதாமாதம் 8 வீதம் வெட்டி, கம்பனி 12 வீதம் போட்டு, முப்பது வருட மழையிலும் அட்டைக்கடியிலும் சேர்ந்த பணம். அது ஒரு கடிதத்தில் போய்விடுமோ என்று நினைத்தால் யாருக்குத் தூக்கம் வரும்?

கமிட்டிச் செயலாளரையும், சாதாரண தரம் முடித்த இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தோம். அன்று என்ன செய்தோம் என்பதை வரிசையாகச் சொல்கிறோம். நாளைக்கு உங்கள் போனுக்கும் இப்படி ஒன்று வரலாம்.

முதலில், ஒன்றையும் அமுக்கவில்லை. "கிளிக்" என்று இருந்தாலும், நீல எழுத்தில் இருந்தாலும், சிவப்புப் பொத்தான் இருந்தாலும் விரலை எடுத்துவிட்டு வாசிக்க மட்டும் செய்தோம். கடிதம் வந்ததனாலோ, அதைத் திறந்து வாசிப்பதனாலோ வங்கிப் பணம் போய்விடாது. அநேகமாக, கடிதம் சொல்கிறபடி நாம் எதையாவது செய்தால்தான் ஆபத்து. இதைச் சொன்னதும்தான் அக்கா தண்ணீர் குடித்தார்.

அடுத்தது, கடிதம் என்ன சொல்கிறது என்று பிள்ளைகள் வரிவரியாகத் தமிழில் சொன்னார்கள். "உங்கள் கணக்கிற்குள் நுழைவதற்கான இலக்கம் இது. பத்து நிமிடத்துக்குள் பயன்படுத்தவும். நீங்கள் கேட்கவில்லை என்றால் இதை விட்டுவிடவும்." அவ்வளவுதான். கீழே ஆறு இலக்கங்கள். வங்கியின் பெயர் எங்கும் இல்லை. அனுப்பியவர் பெயர் நாங்கள் யாரும் கேள்விப்படாதது. புதன்கிழமை இரண்டு, வியாழக்கிழமை ஒன்று, ஆக மூன்று கடிதங்கள் வந்திருந்தன.

மூன்றாவது, அனுப்பியவரைப் பார்த்தோம். இங்கே கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கடித உறையின் பின்பக்கத்தில் யாரும் எந்தப் பெயரையும் எழுதலாம். "தலைமை அலுவலகம், கொழும்பு" என்று நாங்களும் எழுதலாம். ஈமெயிலில் பெரிய எழுத்தில் தெரியும் பெயரும் அப்படித்தான். அந்தப் பெயரை ஒருமுறை தொட்டால் உள்ளே முழு விலாசம் தெரியும். அதில் "அட்" குறிக்குப் பின்னால் இருப்பதைக் கடைசியிலிருந்து முன்னோக்கி வாசிக்க வேண்டும். கடைசியில் "டாட் கொம்" இருந்தால், அதற்கு ஒட்டி முன்னால் உள்ள சொல்தான் வீட்டுக்காரன். கூகுள் அனுப்பும் பாதுகாப்பு அறிவித்தல் "அக்கவுண்ட்ஸ் டாட் கூகுள் டாட் கொம்" என்ற விலாசத்திலிருந்து வரும். கொம்முக்கு முன்னால் கூகுள் இருக்கிறது. ஆனால் "கூகுள்" என்ற சொல் முன்னாலே இருந்து, கொம்முக்குப் பக்கத்தில் வேறு ஏதோ சொல் இருந்தால், அது கூகுளின் வீடு இல்லை. நம் அரசாங்கத் திணைக்களங்களின் விலாசம் "கவ் டாட் எல்கே" என்று முடியும். நடுவில் "கவ்" என்றும் "எல்கே" என்றும் போட்டுவிட்டு, முடிவில் வேறு சொல் இருந்தால் நம்பக் கூடாது.

விலாசம் சரியாக இருந்தால் மட்டும் கடிதம் உண்மை என்று முடிவு கட்டவும் கூடாது. விலாசத்தையும் போலியாகக் காட்ட முடியும். அதேபோல, தெரியாத விலாசம் என்பதால் மட்டும் அது கள்ளக் கடிதம் என்றும் சொல்ல முடியாது. சில நிறுவனங்கள் கடிதம் அனுப்பும் வேலையை இன்னொரு நிறுவனத்திடம் கொடுத்திருக்கும். அதனால்தான் அடுத்த கேள்வி முக்கியமானது.

அந்தக் கேள்வி: இந்தக் கடிதம் நம்மிடம் என்ன கேட்கிறது? கள்ளக் கடிதம் எப்போதும் எதையாவது கேட்கும். "இங்கே அமுக்கு, பாஸ்வேர்டைப் போடு, அடையாள அட்டைப் படம் அனுப்பு, இன்றைக்கே செய், இல்லாவிட்டால் கணக்கு மூடப்படும்" என்று அவசரப்படுத்தும். அக்காவுக்கு வந்த கடிதம் எதையும் கேட்கவில்லை. இலக்கத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தது. அப்படியென்றால் இது உண்மையான கடிதமாக இருக்கலாம். யாரோ ஒருவர் எங்கேயோ இந்த விலாசத்தைப் போட்டு, உள்ளே போகக் கேட்டிருக்கிறார். அந்தக் கதவுக்கான திறப்பு அக்காவின் போனுக்கு வந்திருக்கிறது. யார் அந்த ஆள்?

இதற்குப் போனில் பதில் கிடைக்காது. வீட்டில்தான் கேட்க வேண்டும். "அக்கா, இந்த ரெண்டு மூணு நாளுக்குள்ள யாராவது கோல் எடுத்தாங்களா?" என்று கேட்டோம். யோசித்துவிட்டுச் சொன்னார்.

"ஆமா, வியாழக்கிழம ஒரு தம்பி எடுத்துச்சு. அம்மா, ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், மகளோட வேல விஷயம், வாசிச்சுச் சொல்லுங்கன்னு சொல்லிச்சு. நான் மலையில நிக்கிறேன், கண்ணாடி வீட்டுல கெடக்குன்னு சொல்லி வச்சிட்டேன்."

சிரிக்கிறீர்கள். நாங்களும் அன்று சிரித்தோம். மூக்குக்கண்ணாடி வீட்டில் கிடந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பிறகுதான் விளங்கியது.

மகளைக் கூப்பிட்டோம். வயது 23. கெட்டிக்காரப் பிள்ளை. மூன்று கிழமைக்கு முன்னால், டவுனுக்கு வந்து போகும் ஓர் ஆளிடம் வெளிநாட்டு ஹோட்டல் வேலைக்குப் பதிந்ததாகச் சொன்னார். கடவுச்சீட்டின் பிரதி, அடையாள அட்டையின் பிரதி, இரண்டு படம், வீட்டில் இருக்கிற ஒரே ஈமெயில் விலாசம், எல்லாம் கொடுத்திருக்கிறார். கடவுச்சீட்டை மட்டும் கொடுக்கவில்லை.

கடிதத்தில் இருந்த நிறுவனத்தின் பெயரை, அந்தக் கடிதத்தின் வழியாகப் போகாமல், பிள்ளைகள் தனியாகத் தேடிப் பார்த்தார்கள். அது வேலை தேடுகிறவர்கள் தங்கள் விவரங்களைப் பதியும் ஓர் இணையத்தளம். அந்த ஆள் மகளின் பெயரில், இந்த விலாசத்தைப் போட்டு ஒரு கணக்கைத் திறந்திருக்கிறார். திரும்ப உள்ளே போக ஒவ்வொரு முறையும் இலக்கம் தேவைப்பட்டிருக்கிறது. அதற்குத்தான் கோல்.

அப்போது மகள் ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், கணக்கு என் பேருலதான இருக்கு? இலக்கம் நம்ம போனுக்குத்தான வருது? அப்ப நானே உள்ள போய்ப் பாக்கலாம்தான?"

பார்க்கலாம். அவருடைய பெயர், அவருடைய விலாசம், அவருடைய விவரம். தளத்தின் பெயரைத் தானே அடித்து, இலக்கம் கேட்டு, வந்த இலக்கத்தைப் போட்டு உள்ளே போனார். உள்ளே இருந்ததைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வயது 28 என்று இருந்தது. ஹோட்டலில் மூன்று வருட அனுபவம் என்று இருந்தது. அந்தப் பிள்ளை ஹோட்டல் வாசலைக்கூட மிதித்ததில்லை. போக விரும்புவதாகப் போட்டிருந்த நாடு, அந்த ஆள் இவரிடம் சொன்ன நாடு இல்லை.

தோழர்களே, வெளிநாடு போக வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. தோட்டத்தில் கிடைக்கிற கூலி என்ன என்று எங்களுக்குத் தெரியும். போவதா, இருப்பதா என்பது அந்தப் பிள்ளையின் முடிவு. ஆனால் பொய் வயதோடும் பொய் அனுபவத்தோடும் போய் இறங்கினால், அங்கே பிரச்சினை வரும்போது பொய் சொன்னது யார் என்று கேட்பார்கள். அந்த ஆளைத் தேட மாட்டார்கள். நம் பிள்ளையைத்தான் நிறுத்திக் கேட்பார்கள்.

மகளே அந்த ஆளுக்குக் கோல் எடுத்து, "எந்த ஏஜென்சிக்காக வேல செய்றீங்க? அவங்க லைசன்ஸ் நம்பர் என்ன?" என்று கேட்டார். "அதெல்லாம் ஒனக்கு எதுக்கு?" என்று பதில் வந்து, லைன் அறுந்தது. வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்து, அனுமதிப்பத்திரம் உள்ள முகவரா என்று எப்படிப் பார்ப்பது எனக் கேட்டுக்கொண்டார். அந்தக் கணக்கை மூடிவிட்டார். திங்கட்கிழமை அக்கா வங்கிக்குப் போய்ப் புத்தகத்தில் பதிந்து பார்த்தார். ஒரு சதமும் குறையவில்லை.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. அன்று சனிக்கிழமை இரவே அக்காவின் கூகுள் கணக்கையும் பார்த்தோம். போனில் செட்டிங்ஸ், அதில் கூகுள், அதில் "பாதுகாப்பு" என்று போனால், எந்தெந்தப் போனில் இந்தக் கணக்கு திறந்திருக்கிறது என்று தெரியும். அதில் தெரியாத போன் எதுவும் இல்லை. ஆனால் பாஸ்வேர்ட் மறந்தால் மீட்டெடுப்பதற்கான தொலைபேசி இலக்கம் என்று ஒன்று இருக்கும். அது அக்காவின் இலக்கம் இல்லை. போன் வாங்கின நாளில் கடைத் தம்பி கணக்கைத் திறந்து கொடுத்தபோது தன் இலக்கத்தைப் போட்டிருக்கிறார். பாஸ்வேர்டும் அவர் வைத்ததுதான். அக்காவுக்கு அது என்ன என்றே தெரியாது.

அந்தத் தம்பி கள்ளன் இல்லை. உதவிக்குச் செய்தார். கேட்டவுடன் வந்து, பாஸ்வேர்டையும் இலக்கத்தையும் மாற்ற உதவி செய்தார். ஆனால் நல்ல மனிதன் கையில் இருந்தாலும், நம் வீட்டுத் திறப்பு நம் கையில் இல்லை என்பது உண்மைதானே?

இங்கேதான் இது சங்க விஷயமாகிறது.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் "துண்டு" என்று ஒரு சீட்டு இருந்தது. கடனைத் தீர்த்தால் இந்தத் தொழிலாளியை விடுவிக்கலாம் என்று எழுதிய சீட்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. அதில் என்ன எழுதியிருக்கிறது, கடன் எவ்வளவு என்று எழுதினவனுக்குத்தான் தெரியும். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அந்த முறை ஒழிந்தது. ஆனால் நம்மைப் பற்றிய எழுத்து வேறொருவர் கையில் இருக்கும் பழக்கம் ஒழியவில்லை. லயத்து வீடுகள் பலவற்றுக்கு இன்றும் தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து ஒரு கை மாறி, இன்னொரு கை மாறித்தான் நம்மிடம் வருகிறது. நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்குக் கிடைத்த பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் விலாசம் வேண்டும் என்று சங்கம் கேட்பது அதனால்தான்.

போனில் இருக்கும் ஈமெயில், நம்மில் பலருக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் சொந்த விலாசம். ஆபீஸ் வழியாக வராமல் நேராக நம் கைக்கு வரும் முதல் தபால்பெட்டி. அதன் திறப்பையும் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டால், பிறகு நாம் என்ன விலாசம் கேட்டுப் போராடுகிறோம்?

ஆகவே, நினைவில் வைத்துக்கொள்ளச் சில காரியங்கள்.

கேட்காமல் ஓர் இலக்கம் வந்தால் அதை யாருக்கும் சொல்லாதீர்கள். வங்கி என்று சொன்னாலும், ஆபீஸ் என்று சொன்னாலும், சங்கத்திலிருந்து பேசுகிறோம் என்று சொன்னாலும் சொல்லாதீர்கள். நாங்களே கேட்டாலும் சொல்லாதீர்கள். சில நேரம் யாரோ தவறுதலாக உங்கள் விலாசத்தை அடித்திருக்கலாம். இலக்கம் உங்களிடமே இருந்தால் அதோடு போய்விடும். ஆனால் அது உங்கள் வங்கிக் கணக்குக்கோ, பேஸ்புக்குக்கோ உரியது என்றால், வேறு யாரோ உள்ளே வரப் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

"உள்ளே வர முயற்சிப்பது நீங்கள்தானா?" என்று போன் திரையில் கேட்டால், நீங்கள் அந்த நேரத்தில் எதையும் திறக்காமல் இருந்தால், "இல்லை" என்பதை அமுக்குங்கள். தொல்லை விட்டால் போதும் என்று "ஆம்" அமுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது கதவைத் திறந்து விடுவதற்குச் சமம்.

"உங்கள் கணக்கில் புதிதாக ஒருவர் நுழைந்திருக்கிறார்" என்று கடிதம் வந்தால், அந்தக் கடிதத்தில் உள்ள பொத்தானை அமுக்காமல், எப்போதும் திறக்கிற வழியில் போய்க் கணக்கைப் பாருங்கள். உண்மையாக இருந்தால் அங்கேயும் தெரியும்.

அவசரத்தில் இலக்கத்தைச் சொல்லிவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வங்கி சம்பந்தப்பட்டது என்றால் அந்த நிமிடமே வங்கியின் இலக்கத்துக்கு எடுத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த இலக்கம் அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும். வந்த செய்தியில் உள்ள இலக்கத்துக்கு எடுக்காதீர்கள். இணையத்தில் நடக்கும் இப்படியான மோசடிகளை முறையிட 101 என்ற இலக்கம் இருக்கிறது. மற்றவர் கணக்குக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். பொலிசில் முறைப்பாடு எழுதலாம். தமிழில் எழுதும்படி கேட்கலாம். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி.

பாஸ்வேர்டை மறந்துவிடுவேன் என்று பயமா? ஒரு கொப்பியில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் வைக்கிற ட்ரங்குப் பெட்டிக்குள் வையுங்கள். தெரியாதவர் தலையில் இருப்பதைவிட உங்கள் பெட்டியில் இருப்பது பாதுகாப்பு. போனின் மொழியையும் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். பேரப்பிள்ளையிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் செய்து தரும்.

கடைசியாக, கமிட்டிகளுக்கு எங்கள் யோசனை. ஒவ்வொரு டிவிசனிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணித்தியாலம், படித்த பிள்ளைகள் இரண்டு பேர் பிள்ளைக் காம்பராவில் உட்காரட்டும். விளங்காத கடிதம், விளங்காத செய்தி எதுவானாலும் கொண்டு வரலாம். ஒரு சட்டம் மட்டும் வைப்போம். அந்தப் பிள்ளைகள் வாசித்துச் சொல்வார்கள், வழி காட்டுவார்கள். போன் உங்கள் கையிலேயே இருக்கும். பாஸ்வேர்டை நீங்களே அடிப்பீர்கள். விரல் நடுங்கினாலும், நேரம் போனாலும் பரவாயில்லை, காத்திருப்போம். கைநாட்டு வைத்த தாய்மார் கையெழுத்துப் போடப் பழகியதும் இப்படித்தான்.

அந்த அக்கா இன்றைக்கு இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். எங்கே என்று காட்ட மாட்டோம். போன கிழமை அவருக்கு இன்னொரு கடிதம் வந்ததாம். பரிசு விழுந்திருக்கிறது, உடனே அமுக்கு என்று. எங்களிடம் கொண்டு வந்து காட்டினார்.

"இது எதையோ கேக்குது டீச்சர். அப்ப இது கள்ளந்தான?" என்றார்.

ஆமாம் என்றோம். அவரே அழித்தார்.